கோபர்கைரனேக்குப் போன பாதி வீடு

ராஹில் வேலிச் சபையை விட்டு எழுந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்றே முக்கால் மணிக்கு, தாராவியிலிருந்த அவளுடைய வீட்டில் சரிபாதி காணாமல் போயிற்று. பதினெட்டடி நீளமும் பத்தடி அகலமும் உள்ள வீடு அது. வாசலிலிருந்து ஒன்பதாவது அடி வரைக்கும் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன: செருப்புப் பலகை, ஸ்கூல் பை தைக்கிற மெஷின், சுவரோரம் மடக்கி நிறுத்திய கட்டில். ஒன்பதாவது அடியில் யாரும் கட்டாத ஒரு வெள்ளைச் சுவர் நின்றது. அதற்கு அந்தப்பக்கம் இருந்திருக்க வேண்டிய அடுப்பு, தண்ணீர் டிரம், குளிக்கிற மோரி, இரும்பு பீரோ, மகள் ஷைனியின் துணிமணி வைத்திருந்த பரண் எதுவும் இல்லை. வீட்டின் நடுவில் தொங்கிய மின்விசிறியைச் சுவர் சரியாக வகுந்திருந்தது. மூன்று இறக்கையில் ஒன்றரை மட்டும் இந்தப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. சுவிட்சைப் போட்டால் அது சுற்றவும் செய்தது, சுவருக்குள் போய்ப் போய் வந்துகொண்டு.

சத்தத்தை முதலில் கேட்டவள் பின்வீட்டுக் கலைச்செல்வி. புதுக் காடாத்துணியை நீளவாக்கில் கிழித்த மாதிரி இருந்தது என்று பின்னாளில் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். ஜன்னலுக்கு கிரில் அடிக்கிற தொழில் பார்த்த அவள் புருஷன் சுடலைக்கண்ணன் டேப்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். பக்கத்துச் சந்தில் நின்று வெளியே அளந்தால் வீடு பதினெட்டடி இருந்தது. உள்ளே அளந்தால் ஒன்பதுதான். மூன்று தடவை அளந்துவிட்டு, தன் வீட்டுக்கும் ராஹில் வீட்டுக்கும் பொதுவான பின்சுவரில் அவன் டிரில் போட்டுப் பார்த்தான். ஊசி ராஹில் வீட்டு வெள்ளைச் சுவர் வழியாக வெளியே வந்து, தரையில் உட்கார்ந்திருந்த அவள் முகத்துக்கு நேராகச் சுழன்றது. நடுவிலிருந்த ஒன்பதடியை அது கடக்கவே இல்லை. “எக்கா, எடத்தையே காணலையே” என்று சுவரின் அந்தப்பக்கமிருந்து சொன்ன சுடலைக்கண்ணன், டிரில்லை நிறுத்தவும் தோன்றாமல் அப்படியே நின்றான். ராஹில் வாயைத் திறந்தபடி அந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத் தான் ஒரு காரியம் செய்துவிட்டோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

சபையின் முழுப்பெயர் கர்த்தரின் வேலி சபை. தாராவிக்காரர்கள் அதை வேலிச் சபை என்றுதான் சொன்னார்கள். நாசரேத் பக்கத்திலிருந்து தோல் பட்டறை வேலைக்கு வந்த அப்பா இறந்த வருஷம், ராஹிலுக்குப் பதினேழு வயதும் தங்கை ஜெஸிக்குப் பதின்மூன்று வயதும் இருந்தபோது, அரிசிப் பையும் ஜெபமுமாக அவர்கள் வீட்டுக்குள் வந்த சபை அது. அரிசி நின்ற பிறகும் சபை நிற்கவில்லை. நகை கூடாது, பூ கூடாது, டிவி கூடாது, வெளியாள் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று வருஷத்துக்கு ஒன்றாகக் கூடாதுகள் வந்தன. அம்மா அவற்றை ஒவ்வொன்றாகச் சுமந்து ஒருநாள் இறந்தும் போனாள். யாருக்கு யார் புருஷன் என்பதைச் சபையை நடத்திய மேய்ப்பர் சொன்னார். ராஹிலுக்கு ஜெப்ரியைச் சொன்னார். ஜெப்ரி நல்ல மனிதன்தான். பாத்திரம் தேய்த்துக் கொடுப்பான், கை நீட்டியதில்லை. மேய்ப்பர் சொல்லாமல் சட்டை நிறம்கூட மாற்றமாட்டான்.

சபையில் வேலி நோட்டு என்று ஒன்று உண்டு. சனிக்கிழமைதோறும் பெண்கள் கூடி, அந்த வாரம் யார் என்ன தவறு செய்தார்கள் என்பதைச் சொல்ல, ஒருத்தி அதை எழுதி உரக்க வாசிப்பாள். தவறு செய்தவள் எதிரிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். ராஹிலுக்கு முத்து முத்தான கையெழுத்து. பத்தொன்பது வருஷம் அந்த நோட்டை அவள்தான் எழுதினாள். இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் ஆகஸ்ட் மாதத்து சனிக்கிழமை ஒன்றில் அவள் எழுதியது தன் தங்கையைப் பற்றி. ஜெஸி, ஜாக்கெட் தைக்கிற நாகூர் கனி என்பவனோடு சயான் ஸ்டேஷன் பாலத்தில் நின்று ஐஸ்கிரீம் தின்றாள் என்று எழுதினாள். யாரும் சொல்லி எழுதவில்லை. அவளே பார்த்தாள், அவளே எழுதினாள், அவளே வாசித்தாள். ஜெஸி மன்னிப்புக் கேட்கவில்லை. எழுந்துபோய் கனியைக் கட்டிக்கொண்டு சுனாபட்டியில் குடியேறினாள். வேலிக்கு வெளியே போனவர்களைப் பார்க்கக்கூடாது, பேசக்கூடாது, சாவுக்கும் போகக்கூடாது என்பது சட்டம். தாராவியிலிருந்து சுனாபட்டிக்கு நடந்தே போய்விடலாம். பதினான்கு வருஷம் ராஹில் அந்தப் பக்கம் போகவில்லை.

ஜெஸி ஒரு காய்ச்சலில் ஆறே நாளில் இறந்தாள். நாகூர் கனி விடிந்ததும் தாராவிக்கு நடந்து வந்து கதவைத் தட்டினான். மழையில் நனைந்திருந்தான். “மதினி, ஜெஸி மவுத்தாயிட்டா. பன்னெண்டு மணிக்கு எடுக்கோம்” என்றான். ராஹில் அவன் முகத்தைப் பார்க்காமல் அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தினாள். ஜெப்ரி உள்ளேயிருந்து “யாரு?” என்று கேட்டதற்கு “யாருமில்ல” என்றாள். மெஷினில் உட்கார்ந்து சாயங்காலம் வரை நாற்பது பைகள் தைத்தாள். நாற்பதிலும் ஜிப் தலைகீழாக இருந்தது என்று பட்டறையிலிருந்து அத்தனையும் திரும்பி வந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேய்ப்பர் பிரசங்கத்தில், வேலியைத் தாண்டியவளுக்குப் பிள்ளையும் இல்லை, ஆயுசும் இல்லை, அவள் சாவுக்கு அழ ஒரு நாதியும் இல்லை பார்த்தீர்களா என்று சொன்னார். பெயர் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் ராஹில் எழுந்து நின்றாள். நிற்கப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. கால்கள் நிமிர்ந்த பிறகுதான் தெரிந்தது.

“அவ என் தங்கச்சி” என்றாள்.

“உக்காருங்க சகோதரி” என்றார் மேய்ப்பர்.

“அழ ஆளு இருந்துச்சு. வாசல் வரைக்கும் வந்து கூப்பிட்டாவ. நாந்தான் கதவ அடைச்சேன்.”

கூடத்தில் முன்னூறு பேர் இருந்தார்கள். ராஹில் திரும்பி ஆண்கள் பக்கம் ஜெப்ரியைப் பார்த்தாள். அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷைனியைப் பார்த்தாள். இருபது வயதுப் பெண். அவள் மெதுவாகத் தன் சேலை முந்தானையை அம்மாவின் சேலைக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டாள். ராஹில் செருப்பைக்கூடத் தேடாமல் வெயிலில் இறங்கி நடந்தாள். கூடத்திலிருந்து வீட்டுக்கு இருபத்தைந்து நிமிஷம். அவள் வீட்டை அடைவதற்குள் வீடு பாதியாகியிருந்தது. ஜெப்ரியும் ஷைனியும் அன்று திரும்பி வரவேயில்லை.

போன பாதி எங்கே என்பது பதினேழு நாள் தெரியவில்லை. சுடலைக்கண்ணன் கிரில் மாட்ட, கடற்கழிக்கு அந்தப்பக்கம் உள்ள கோபர்கைரனேக்குப் போனவன் அதைக் கண்டுபிடித்தான். அங்கே சபைக்குச் சொந்தமாக நான்கு மாடிக் கட்டடம் ஒன்று உண்டு. அதன் மூன்றாம் மாடிப் பக்கச்சுவரில், கீழே தூணும் இல்லாமல் மேலே கயிறும் இல்லாமல், ராஹில் வீட்டுப் பச்சைச் சுவர் ஒரு தீப்பெட்டி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. மோரிக்குழாய் அந்தரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே நடக்கிறவர்கள் அந்த இடத்தில் மட்டும் சற்று விலகி நடந்தார்கள் என்றும் அதைத் தவிர யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றும் அவன் வந்து சொன்னான்.

ராஹில் மறுநாளே ரயிலில் வாசிக்குப் போய் வண்டி மாறி கோபர்கைரனேயில் இறங்கினாள். கட்டடத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். தன் வீட்டு ஜன்னல் கம்பியில் தான் கட்டிய நீலக் கொடிக்கயிறு அப்படியே இருந்தது. ஷைனி வந்து அதில் ஒரு பாவாடையைக் காயப்போட்டாள். ராஹில் “ஏட்டி ஷைனி!” என்று கத்தினாள். தெருவில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். ஷைனி கிளிப்பை மாட்டினாள், நேராக அம்மா நின்ற இடத்தைப் பார்த்தாள், மழை வருமா என்று பார்ப்பது போலப் பார்த்தாள், உள்ளே போனாள். அந்தப் பார்வையை ராஹிலுக்குத் தெரியும். சயான் ஸ்டேஷனில் ஒருதடவை ஜெஸி எதிரே வந்தபோது ராஹிலே பார்த்த பார்வை அது. காவலாளி இவளிடம் விவரம் கேட்டு, இன்டர்காமில் மேலே பேசினான். ரிசீவரை வைத்துவிட்டு ரொம்ப நேரம் அவளைக் கால் முதல் தலை வரை பார்த்தான். பீகார்க்காரன், நல்லவன். “மாஜி, நீங்கள் இல்லை என்று சொல்கிறார்கள்” என்று இந்தியில் சொன்னான். அவன் குரலில் பயம் இருந்தது.

வெள்ளைச் சுவர் சத்தத்தை மறைக்கவில்லை என்பது அதற்குப் பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. மறுபாதியில் நடப்பதெல்லாம் சுவர் வழியாகக் கேட்டது. குக்கர் விசில், ஜெப்ரி தொண்டையைச் செருமுவது, ஷைனி தலை சீவும்போது சீப்பு சிக்குவது எல்லாமே கேட்டது. இவள் கத்துவது அவர்களுக்குக் கேட்கவில்லை. காலை நான்கரைக்கு அவர்கள் ஜெபம் தொடங்கினால், இருபத்தொன்பது வருஷப் பழக்கத்தில் இவள் நாக்கும் தானாக அந்த வார்த்தைகளைச் சொல்லத் தொடங்கும். நிறுத்த முடியாமல் துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டு கிடப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடவுள் இருக்கிறாரா என்பதல்ல அவள் கவலை. இருந்தால் அவரும் அந்தப் பாதியோடு போய்விட்டாரா என்பதுதான். கலைச்செல்வி ஒரு முழம் மல்லிகை வாங்கி வந்து தலையில் வைத்துவிட்டாள். ராஹிலுக்குக் கழுத்தெல்லாம் வேர்த்துக் கொட்டி, வாந்தி வந்தது. பூவை எடுத்து வைத்துவிட்டு, மறுவாரம் மறுபடி வைக்கச் சொன்னாள். மூன்றாவது தடவை வாந்தி வரவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு புதன்கிழமை பகலில் சுவருக்கு அந்தப்பக்கம் பெருங்கூட்டம் கூடுகிற சத்தம் கேட்டது. நாற்காலி இழுக்கும் சத்தம், அடக்கப்பாட்டு, மேய்ப்பரின் குரல். பிறகு ஜெப்ரி அழுதான். கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷத்தில் அவன் அழுது ராஹில் கேட்டதில்லை. விம்மி விம்மி நிஜமாகவே அழுதான். ராஹிலோடு உட்கார்ந்து காய்கறி அரிந்துகொண்டிருந்த கலைச்செல்வி கத்தியைக் கீழே வைத்தாள்.

“யாருக்குக்கா சாவு?”

“எனக்குத்தாம்ட்டி” என்றாள் ராஹில்.

அவள் சுவரருகே சம்மணம் போட்டு உட்கார்ந்து தன் அடக்க ஆராதனையை முழுக்கக் கேட்டாள். அவள் நல்லவளாக இருந்தாள் என்றும் கையெழுத்து அழகாக இருக்கும் என்றும் மேய்ப்பர் சொன்னார். மண் போடுவதாக மூன்று தடவை ஏதோ கொட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் ராஹிலின் மடியில் கொஞ்சம் செம்மண் விழுந்தது. கலைச்செல்வி அதைக் கண்ணால் பார்த்தாள். துடைப்பத்தை எடுத்து மண்ணைக் கூட்டி வாசலில் தள்ளினாள். மூன்று மாதம் கழித்து அதே சுவர் வழியாக ஜெப்ரியின் இரண்டாம் கல்யாணம் கேட்டது. பெண் சபையிலேயே ஒரு விதவை. அவள் சமையலில் உப்புக் குறைவு என்று ஜெப்ரி ஒருநாளும் சொல்லவில்லை.

கசப்பு ராஹிலின் நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது. தேநீர் கசந்தது, சீனி கசந்தது. சாயங்காலம் ஐந்து மணியானால் சுவருக்கு எதிரே நின்று ஏசத் தொடங்குவாள். மேய்ப்பரில் ஆரம்பித்து, ஜெப்ரியைத் தாண்டி, பிள்ளை பெற்ற தன் வயிற்றில் வந்து முடிப்பாள். சந்துக்காரர்கள் அந்த ஒரு மணி நேரம் பிள்ளைகளை வேறு பக்கம் விளையாட அனுப்பினார்கள். சம்மட்டி வாங்கி அடித்தும் பார்த்தாள். பெயர்ந்து விழுந்த இடம் பிசைந்த மாவு போல மெல்ல மெல்லத் தூர்ந்துகொண்டது. அப்படி ஒரு சனிக்கிழமை, மூச்சுவாங்க நின்றபோது, அந்தப்பக்கம் வேலி நோட்டு வாசிக்கிற சத்தம் கேட்டது. வாசித்தவள் ஷைனி. “முன்னாள் சகோதரி ராஹில், குளிக்கும்போது சினிமாப் பாட்டு முனகுவாள். மகளிடம் மட்டும் சொல்லி ஒரு ஜோடி கம்மலை அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தாள். தூக்கத்தில் தங்கையின் பேரைச் சொல்வாள்.” மூன்றும் உண்மை. மகளைத் தவிர யாருக்கும் தெரியாதவை. வாக்கியத்தை எங்கே நிறுத்துவது, எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவது என்பதெல்லாம் ராஹில் வாசிப்பது போலவே இருந்தது. பிள்ளை வேறு யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. ராஹில் சம்மட்டியைக் கீழே போட்டாள். மறுநாள் காலை சுனாபட்டிக்கு நடந்தாள்.

நாகூர் கனி ஒற்றை அறையில் இருந்தான். தையல் மெஷின் மூலையில் இருந்தது. அறை காலியாகப் பெரிதாக இருந்தது. கதவைத் திறந்தவன் அவளைப் பார்த்ததும் நிலையைப் பிடித்துக்கொண்டான். தன் முகத்தில் கதவு சாத்தப்படும் என்றுதான் ராஹில் நினைத்துப் போயிருந்தாள். சாத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாகக்கூட இருந்திருக்கும்.

“மாப்ள” என்றாள். பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக அந்த முறை வைத்துக் கூப்பிட்டாள்.

“உள்ள வாங்க மதினி” என்றான் அவன். தண்ணீர் கொடுத்தான். அவள் குடிக்கும் வரை காத்திருந்தான். அவள் தன் வீட்டில் நடந்ததை, சுவரை, சத்தத்தைச் சொல்லத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினான்.

“வெள்ளச் சுவருதான? தொட்டா வெதுவெதுன்னு இருக்கும்.”

ராஹில் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“இந்த ரூமு பன்னெண்டடி மதினி. பாத்துதான் புடிச்சேன். ஜெஸி உள்ள கால் வச்ச அன்னிக்கே ஆறடி ஆயிட்டு. வீட்டுக்கார சேட்டு ஏமாத்திட்டான்னு நான் போயி சண்ட போட்டேன். அவ சுவத்துல காதை வச்சிட்டு சிரிக்கா. எங்க அக்கா வீட்டு குக்கருங்க, மூணாவது விசிலு இழுத்து அடிக்கும்ங்கா.”

பதினான்கு வருஷமும் அந்த ஆறடி அறையில் ஜெஸி, ராஹில் வீட்டைக் கேட்டுக்கொண்டு வாழ்ந்திருந்தாள். ஷைனி வாய்ப்பாடு படிப்பதைக் கேட்டு, தப்பாகச் சொல்லும் இடத்தில் இங்கிருந்து திருத்துவாளாம். ஷைனி வயசுக்கு வந்த அன்றைக்குப் புட்டு அவித்து சந்து முழுக்கக் கொடுத்தாளாம், யாருக்கு என்று சொல்லாமல். சனிக்கிழமைகளில் அக்கா வீட்டில் உட்கார்ந்து நோட்டுக்கு ஒத்திகை பார்ப்பதும் கேட்டிருக்கிறது. அதில் தன் பெயர் வந்ததும் கேட்டிருக்கிறது. நான்கு வருஷம் தொடர்ந்து வந்ததாம். ராஹில் தன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். பொத்தினால் நிற்கிற சத்தமா அது.

“ஏசலையா அவ என்னைய?”

“ஏசாம? ரெண்டு வருசம் ஏசுனா. பொறவு அடுப்பைத் தூக்கி சுவத்தோரமா வச்சிட்டா. ஏச்சு போவமாட்டேங்கு, வாசமாவது போவும்னா. நெசமாவே போச்சான்னு எங்களுக்குத் தெரியாது. வந்துச்சா மதினி?”

வந்தது. எத்தனையோ மத்தியானங்களில், சோறும் ரசமும் மட்டும் இருந்த வீட்டில், பின்பக்கத்திலிருந்து சாளை மீன் குழம்பு வாசம் வந்தது. புளி தூக்கலாக, இறக்கும்போது தேங்காயெண்ணெயில் சின்ன வெங்காயம் தாளித்து, அம்மா வைப்பது போல. ராஹில் அதைச் சாத்தானின் வாசம் என்று நினைத்து முழங்காலில் நின்று ஜெபித்தாள். நோட்டிலும் எழுதினாள். அதை அவள் கனியிடம் சொன்னபோது அவன் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். அழுகிறானா சிரிக்கிறானா என்று முதலில் தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு தெரிந்தது.

“அவ போன மறுநா காலைல சுவரு இல்ல” என்றான். “பழையபடி பன்னெண்டடி ஆயிட்டு. இத்தன எடத்த வச்சிட்டு நான் என்ன செய்ய மதினி?”

அவனிடம் ராஹில் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவன் கொடுத்துவிடுவான் என்று தோன்றியது. அது அவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிடக் கூடாது என்றும் தோன்றியது. ஜெஸியின் அடுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் ஏற்ற விடாததால் தலையில் வைத்து நடந்தே வந்தாள். அன்றே அதைச் சுவரோரம் போட்டாள். சாளை வாங்கி வந்து கழுவினாள். அடுப்புப் பற்றியதும் சுவரைப் பார்த்து வழக்கம்போல நாலு வார்த்தை ஏசிவிட்டுத்தான் புளியைக் கரைத்தாள். கொதி வந்தபோது அந்தப்பக்கம் ஷைனி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தினாள். “என்ன வாசம் இது?” என்று ஜெப்ரியின் புது மனைவி கேட்டாள். “ஒண்ணுமில்ல சித்தி” என்றாள் ஷைனி. அதே குரலில்தான் ராஹில் ஒருகாலத்தில் “யாருமில்ல” என்று சொல்லியிருந்தாள்.

அதன் பிறகு வருஷங்கள் போயின. ஊரடங்கு வந்தபோது சந்தில் ஆளரவம் இல்லாமல் சுவர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. ஷைனிக்கு ஒன்பது நாள் இருமல். ராஹில் ஒன்பது நாளும் மிளகும் சுக்கும் தட்டிக் கொதிக்க வைத்து, பாத்திரத்தைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளங்கை கொப்பளித்தது. பத்தாம் நாள் இருமல் நின்றது. அது கஷாயத்தால் நின்றதா தானாக நின்றதா என்பதைச் சொல்ல யாரும் இல்லை. நாகூர் கனி மாதத்துக்கு ஒருதடவை வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். ஏசுகிற ஒரு மணி நேரம் அரை மணியாயிற்று, பிறகு வாரத்துக்கு இரண்டு நாளாயிற்று. ஒருபோதும் முழுக்க நிற்கவில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து செம்பூர் மார்க்கெட் போய் எதுவும் வாங்காமல் சுற்றி வருவாள். தைக்கும்போது சபைப் பாட்டு வாயில் வந்தால் முதலில் உதட்டைக் கடிப்பாள். பிற்பாடு, ராகம் நன்றாக இருக்கிறது, வார்த்தைதான் சரியில்லை என்று ராகத்தை மட்டும் வைத்துக்கொண்டாள். சீனி இனிக்கத் தொடங்கியது எந்த நாள் என்று அவள் குறித்துவைக்கவில்லை. கலைச்செல்விதான் கவனித்தாள், டப்பா சீக்கிரம் தீர்கிறதே என்று.

ஷைனிக்கு மேய்ப்பர் இரண்டு மாப்பிள்ளை சொன்னார். இரண்டும் எப்படியோ தட்டிப்போயின. நோட்டை அவள் தொடர்ந்து வாசித்தாள். ஐந்தாம் வருஷம் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது, குரல் வரவில்லை. வாசி என்று யாரோ சொன்னார்கள். மறுபடியும் பக்கம் புரண்டது. கடைசியில் ஷைனி, “இந்த வாரம் ஒண்ணும் எழுதல” என்றாள். ராஹில் கையிலிருந்த துணியை மெஷினிலேயே விட்டுவிட்டு எழுந்து நின்றாள். அதற்கடுத்த வியாழக்கிழமை மத்தியானம், குழம்பு இறக்குகிற நேரம், வெள்ளைச் சுவரிலிருந்து ஒரு கை வெளியே வந்தது.

முழங்கை வரைக்கும்தான் வந்தது. கட்டை விரலில் மை. கையில் ஒரு காலிக் கிண்ணம். கலைச்செல்வி வாசலில் இருந்தவள் “எம்மா!” என்று அலறி, ஓடவும் முடியாமல் அங்கேயே நின்றாள். முதலில் ராஹில் செய்தது கிண்ணத்தை வாங்கியது அல்ல. பாய்ந்து அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தாள். காலைச் சுவரில் ஊன்றி, ஐந்து வருஷத்தையும் சேர்த்து இழுத்தாள். கை விறைத்தது. விரல்கள் கிண்ணத்தை விட்டன, அது தரையில் விழுந்து சுற்றியது. இழுத்தால் வராது, வந்தாலும் கை மட்டும்தான் வரும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மணிக்கட்டில் நாடி குருவி போல அடித்துக்கொண்டிருந்தது. சபை இவளை இழுத்த இழுப்பும் அப்படித்தான் இருந்தது.

“விடுக்கா” என்றாள் கலைச்செல்வி. “பயப்படுது.”

ராஹில் விட்டாள். விட்டதும் கை உள்ளே போய்விடும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது கை அங்கேயே இருந்தது, உள்ளங்கை மேலாக. அவள் கிண்ணத்தை எடுத்துக் கழுவி, இரண்டு துண்டு மீனும் குழம்பும் ஊற்றி, சூடு பொறுக்குமா என்று தன் கன்னத்தில் வைத்துப் பார்த்து, அந்தக் கையில் வைத்தாள். கை அதைச் சிந்தாமல் உள்ளே கொண்டுபோயிற்று. சிறிது நேரத்தில் சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ அவசர அவசரமாகச் சாப்பிடும் சத்தம் கேட்டது. முள் தொண்டையில் சிக்கி ஒரு இருமல். ராஹில் அன்று முழுவதும் ஒன்றும் சாப்பிடவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைதோறும் கை வந்தது. வியாழன் மத்தியானம் சபைப் பெண்களுக்குக் கூட்டம் இருப்பதால் அந்த வீட்டில் மற்றவர்கள் இருப்பதில்லை என்பது சத்தங்களிலிருந்து தெரிந்தது. ஷைனி மட்டும் அதற்குப் போவதில்லை போலிருக்கிறது. கை பேசாது, எழுதியும் காட்டாது. ஒருதடவை ராஹில் விரல் மையைத் துடைத்துவிட்டாள். இன்னொருதடவை அது அவளுடைய கொப்பளித்த உள்ளங்கையின் தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டுப் போயிற்று. சந்து முதல் மாதம் கூடி நின்று பார்த்தது. இரண்டாம் மாதம் பிள்ளைகள் மட்டும் பார்த்தார்கள். மழைக்காலம் வந்தபோது யாரும் பார்க்கவில்லை.

தாராவியை இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லி வீடுகளை அளந்து நம்பர் போட ஆட்கள் வந்தது ஒரு வியாழக்கிழமையாக அமைந்துவிட்டது. ஒரு மராத்திப் பெண்ணும் அவளுக்கு உதவியாக ஒருவரும் வந்தார்கள். அந்தப் பெண் படிவத்தை விரித்து, இந்த வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். ராஹில் ஒருத்தி என்றாள். அந்த நேரத்தில் சுவரிலிருந்து கை வந்தது. அந்தப் பெண்ணின் பேனா கீழே விழுந்து உருண்டது. அவள் சுவரைப் பார்த்தாள், ராஹிலைப் பார்த்தாள், வாசலில் நின்று பட்டாணி உரித்துக்கொண்டிருந்த கலைச்செல்வியைப் பார்த்தாள். யாருடைய முகத்திலும் ஒன்றும் இல்லாததால் பேனாவைத் தேடி எடுத்தாள். ஆட்கள் ஒன்று என்று எழுதிவிட்டு, குறிப்புக் கட்டத்தில், கலைச்செல்வி சொல்லச் சொல்ல, பின்சுவரிலிருந்து வாரம் ஒருமுறை மகளின் கை வரும் என்று சேர்த்துக்கொண்டாள். படிவத்தில் அதற்கும் இடம் இருந்தது. ராஹில் குழம்பை ஊற்றிக் கொடுத்தாள். கிண்ணத்தை வாங்கிய பிறகும் கை போகாமல், கட்டை விரலால் அதன் விளிம்பைத் தட்டிக்கொண்டு நின்றது.

“மூடி குடுக்கலையே எக்கா. இன்னிக்கு எங்கயோ எடுத்துட்டுப் போவுது போல” என்றாள் கலைச்செல்வி.

ராஹில் பாத்திரங்களைக் கிளறி, அளவாக ஒரு மூடியைத் தேடி எடுத்துக் கொடுத்தாள்.